நான்கு வாரக் கடிதம்: அமெரிக்க ஆசிரியர் தகுதிச் சட்டம் கேட்டதும் கேட்காமல் விட்டதும்

அமெரிக்காவில் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்குச் சில சமயம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வரும். உங்கள் குழந்தைக்குக் கணக்கு நடத்தும் ஆசிரியர், இந்த வகுப்புக்கும் இந்தப் பாடத்துக்கும் மாநிலம் கேட்கிற சான்றிதழை இன்னும் பெறவில்லை என்று நாலு வரியில் சொல்லிவிட்டு, சந்தேகம் இருந்தால் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும் என்று முடிந்திருக்கும். சிலர் அதைப் படித்துவிட்டுப் பதறிப்போய் பள்ளிக்கு போன் போடுவார்கள். பலர் பள்ளியிலிருந்து வாரா வாரம் வருகிற மற்ற தாள்களோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இதைப் பள்ளி தானாக மனமுவந்து அனுப்புவதில்லை, கூட்டாட்சிச் சட்டம் அனுப்ப வைக்கிறது. டைட்டில் 1 என்கிற தலைப்பில் வாஷிங்டனிலிருந்து நிதி வாங்கும் பள்ளியில், ஒரு குழந்தைக்கு மாநிலச் சான்றிதழ் விதிக்குள் வராத ஆசிரியர் தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ பாடம் நடத்தினால், பெற்றோருக்கு உரிய நேரத்தில் தெரிவித்தாக வேண்டும். அது எளிதில் புரிகிற வடிவத்தில், முடிந்தவரை பெற்றோருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்று ஒரு காலத்தில் நாடு முழுவதற்கும் சேர்த்து வரையறுத்துச் சொன்ன சட்டத்தில், பெற்றோர் கைக்கு நேராக வந்து சேர்கிற மிச்சம் என்று பார்த்தால் இந்தக் கடிதம்தான் முக்கியமானது. எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. சாசனம் வாஷிங்டனுக்குக் கொடுக்காத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்று பத்தாவது திருத்தம் சொல்வதால், பள்ளி நடத்துவது, ஆசிரியருக்கு உரிமம் கொடுப்பது, பாடத்திட்டம் வகுப்பது எல்லாமே மாநிலத்தின் வேலை. கல்வி என்பது கூட்டாட்சி சாசனம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்று 1973-இல் சான் அன்டோனியோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியிருக்க வாஷிங்டன் எப்படி உள்ளே வந்தது? பணத்தோடு வந்தது. பணம் தருகிறேன், வாங்கினால் என் நிபந்தனைக்கு உட்பட வேண்டும், வேண்டாம் என்றால் உன் இஷ்டம். பள்ளிகளின் மொத்தச் செலவில் கூட்டாட்சிப் பணம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி மாவட்டங்களால், அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளால், அந்தப் பத்தில் ஒரு பங்கை வேண்டாம் என்று சொல்லவே முடியாது.

இதன் தொடக்கம் 1965. தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் ஏப்ரல் 11 அன்று கையெழுத்திட்டார். வெள்ளை மாளிகையில் இல்லை, டெக்சஸில் தான் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளி வாசலில், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஜான்சனே ஆசிரியராக இருந்தவர். 1928-இல் கல்லூரிப் படிப்பின் நடுவே, மெக்சிகோ எல்லையிலிருந்து வெகு தூரமில்லாத கொட்டுல்லா என்ற ஊரில், பசியோடு வகுப்புக்கு வரும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். அந்த அனுபவத்தைத் தன் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். டைட்டில் 1 நிதி யாருக்காக என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. ஏழைக் குழந்தைகளுக்கு மற்ற குழந்தைகளைவிடக் கூடுதலாக ஒன்று கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் பணம்.

ஆனால் அடுத்த முப்பத்தைந்து வருடம், இந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் ஆசிரியர் வேலைக்கு என்ன படித்திருக்கிறார் என்று சட்டம் பெரிதாகக் கேட்கவில்லை. நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், பல மாவட்டங்கள் இந்த நிதியில் வகுப்பு உதவியாளர்களை வேலைக்கு எடுத்தன. பள்ளிப் படிப்பை மட்டும் முடித்த, அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும், குழந்தைகள் மேல் பாசமுள்ள பெண்கள்தான் பெரும்பாலும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசிக்கத் திணறும் குழந்தையைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை, அதாவது இருப்பதிலேயே கடினமான வேலை, எந்தப் பயிற்சியும் தரப்படாத ஒருவர் தலையில் விழுந்தது. வசதியான பள்ளியில் அதே வேலையை முழுப் பயிற்சி பெற்ற ஆசிரியர் செய்தார்.

1990-களில் இது வெளிச்சத்துக்கு வந்தது. ரிச்சர்ட் இங்கர்சால் என்ற சமூகவியலாளர், எத்தனை வகுப்புகளில் அந்தப் பாடத்தையே படிக்காதவர் பாடம் நடத்துகிறார் என்று கணக்கெடுத்து வெளியிட்டார். வரலாறு படித்தவர் அல்ஜீப்ரா நடத்துகிறார், உடற்கல்வி ஆசிரியர் அறிவியல் நடத்துகிறார். ஆசிரியர் மட்டம் என்பது இதற்கு அர்த்தமில்லை, தலைமை ஆசிரியர் அட்டவணையில் ஓட்டையை அடைக்க இருக்கிறவரை எடுத்துப் போடுகிறார், அவ்வளவுதான் என்று அவர் விளக்கினார். அதே சமயம் கலிஃபோர்னியாவில் இன்னொன்று நடந்தது. 1996-இல் மாநில அரசு தொடக்க வகுப்புகளில் இருபது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்று நிதி ஒதுக்கியது. நல்ல எண்ணம், யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான புது வகுப்பறைகளுக்கு ஆள் தேவைப்பட்டதும், வசதியான புறநகர் மாவட்டங்கள் நகரத்துப் பள்ளிகளிலிருந்த அனுபவமுள்ள ஆசிரியர்களை இழுத்துக்கொண்டன. நகரத்தில் காலியான இடங்களை அவசரகால அனுமதியில் வந்தவர்கள் நிரப்பினார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் முழுத் தகுதி பெறாத ஆசிரியர்கள் சுமார் 40,000 பேர். அவர்கள் எந்தப் பள்ளிகளில் குவிந்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பின்னணியில்தான் நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டம் வந்தது. 2002 ஜனவரி 8 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட இந்தச் சட்டத்தை எல்லாரும் தேர்வுகளுக்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர்களை நேரடியாகத் தொட்ட பகுதி வேறு. 'உயர் தகுதி ஆசிரியர்' என்று ஒரு வரையறையைக் கொண்டுவந்து, ஆங்கிலம், வாசிப்பு, கணிதம், அறிவியல், அயல்மொழி, குடிமையியல், பொருளாதாரம், கலை, வரலாறு, புவியியல் ஆகிய முக்கியப் பாடங்களை நடத்துகிற எல்லா ஆசிரியரும் 2005-06 கல்வியாண்டு முடிவதற்குள் அந்த வரையறைக்குள் வந்தாக வேண்டும் என்றது.

வரையறை மூன்று துண்டு. ஒன்று, இளங்கலைப் பட்டம். இரண்டு, மாநிலத்தின் முழுச் சான்றிதழ் அல்லது உரிமம், இதில் அவசர அனுமதி, தற்காலிக அனுமதி எதுவும் செல்லாது. மூன்றாவதுதான் சிக்கல், நடத்தும் பாடத்தில் புலமை இருப்பதை நிரூபிக்க வேண்டும். புதிதாக வருகிற தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்றால் வாசிப்பு, எழுத்து, கணிதம் மற்றும் அடிப்படைப் பாடங்களில் மாநிலத் தேர்வு எழுதித் தேற வேண்டும். நடுநிலை, உயர்நிலைக்குப் புதிதாக வருகிறவர் என்றால் அந்தப் பாடத்தில் தேர்வு, அல்லது அதே பாடத்தில் பட்டமோ முதுகலையோ, அல்லது பட்டத்துக்குச் சமமான அளவு பாடநேரம். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காகிதத்தில் படிக்கும்போது இதில் யாரும் குறை காண முடியாது. வேதியியல் நடத்துகிறவர் வேதியியல் படித்திருக்க வேண்டும் என்பதில் என்ன தவறு? ஆனால் மொன்டானாவிலோ தெற்கு டகோட்டாவிலோ மொத்தமே எழுபது, எண்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரே ஆசிரியர் காலையில் உயிரியல், அப்புறம் இயற்பியல், மதியத்துக்கு மேல் எட்டாம் வகுப்புக் கணக்கு என்று நடத்துவார். இருபது வருடமாக நடத்துவார், ஊருக்கே அவரைத் தெரியும். புதுச் சட்டப்படி அவர் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத் தன் புலமையை நிரூபிக்க வேண்டும். உயிரியலில் பட்டம் வாங்கியதால் அவர் உயிரியல் வகுப்பில் உயர் தகுதி ஆசிரியர், அடுத்த மணி அடித்ததும் இயற்பியல் வகுப்பில் தகுதி இல்லாதவர். கூட்டாட்சிக் கல்வித் துறைக்கு இது புரியவே இரண்டு வருடம் ஆனது. 2004 மார்ச்சில், பல பாடம் நடத்தும் கிராமப்புற ஆசிரியர்களுக்குக் கூடுதலாக மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள், அறிவியல் ஆசிரியர்களுக்கும் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

சரி, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கான அந்த இன்னொரு வழி. ஒவ்வொரு மாநிலமும் தன் பழைய ஆசிரியர்களை மதிப்பிட ஒரு பொதுவான அளவுகோலை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. ஹவுஸ் (HOUSSE) என்று அதற்குச் சுருக்கப் பெயர். நாற்பத்தைந்து வயது ஆசிரியரைத் திரும்பத் தேர்வு எழுது என்று சொல்வது அவமானம், அதனால் இப்படி ஒரு வழி தேவைதான். பல மாநிலங்கள் இதை 100 புள்ளிப் பட்டியலாக ஆக்கின. கல்லூரியில் அந்தப் பாடம் எடுத்திருந்தால் இத்தனை புள்ளி, பயிலரங்கில் கலந்துகொண்டால் இத்தனை, பாடத்திட்டக் குழுவில் இருந்தால் இத்தனை, பயிற்சி ஆசிரியருக்கு வழிகாட்டியிருந்தால் இத்தனை, வேலை பார்த்த வருடங்களுக்கு இத்தனை. வேலை பார்த்த காலமே பிரதான அளவுகோலாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதால், சில மாநிலங்கள் அந்த வருடங்களுக்குச் சரியாகப் பாதியை ஒட்டி நிற்கிற அளவுக்குப் புள்ளி கொடுத்தன. ஆசிரியர்கள் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, பழைய கோப்புகளைத் தேடிப் பிடித்துப் புள்ளிகளைக் கூட்டி, நூறைத் தாண்டியதும் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் படிவம் கொடுப்பதற்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் வகுப்பறையில் எதுவும் மாறவில்லை, ஆனால் மாநிலத்தின் கணக்கில் ஒரு தகுதியில்லாத ஆசிரியர் குறைந்து ஓர் உயர் தகுதி ஆசிரியர் கூடிவிட்டார்.

இப்படித்தான் எண்கள் ஏறின. பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் வகுப்புகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் உயர் தகுதி ஆசிரியர்கள் இருப்பதாக அறிக்கை கொடுத்தன. அப்படியும் 2006 கெடுவுக்குள் எந்த ஒரு மாநிலமும் நூறைத் தொடவில்லை. முன்கூட்டியே இது தெரிந்ததால், உண்மையாக முயற்சி செய்யும் மாநிலங்களுக்கு இன்னும் ஒரு வருடம் தருகிறோம் என்று கல்விச் செயலர் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் 2005 அக்டோபரிலேயே எழுதிவிட்டார்.

இந்த முழுக் கதையிலும் என்னை மிகவும் வருத்துவது கலிஃபோர்னியாவில் நடந்த ரெனீ எதிர் டங்கன் வழக்குதான். சட்டம் மாற்று வழியில் சான்றிதழ் பெறுகிறவர்களையும் ஏற்றுக்கொண்டது. அதாவது வேறு துறையில் பட்டம் வாங்கிவிட்டு, கல்வியியல் கல்லூரிக்குப் போகாமல், வேலை பார்த்துக்கொண்டே மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி எடுத்து உரிமம் வாங்குகிறவர்கள். டீச் ஃபார் அமெரிக்கா மாதிரியான அமைப்புகள், கல்லூரி முடித்த கையோடு வருகிறவர்களுக்குக் கோடையில் சில வாரப் பயிற்சி கொடுத்து, ஏழைப் பள்ளிகளில் இரண்டு வருடம் பாடம் நடத்த அனுப்பின. அவர்களில் மிக நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். சட்டத்தில் இருந்த வார்த்தை 'முழுச் சான்றிதழ் பெற்றவர்'. கல்வித் துறை எழுதிய விதிமுறையோ, பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து திருப்திகரமாக முன்னேறிக்கொண்டிருந்தாலே போதும், மூன்று வருடம் வரை அவரையும் உயர் தகுதி ஆசிரியர் என்று கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்றது. முழுச் சான்றிதழ் பெறுவதற்கான பயிற்சியை நேற்று தொடங்கியவர் இன்று உயர் தகுதி ஆசிரியர்.

இது ஏன் முக்கியம்? இரண்டு காரணம். ஒன்று, அவர் உயர் தகுதி ஆசிரியர் என்று கணக்காகிவிட்டதால் அந்த நான்கு வாரக் கடிதம் பெற்றோருக்குப் போகாது. உங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இரண்டு, இந்தப் பயிற்சியாளர்கள் எல்லாப் பள்ளிகளிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் அப்படிப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் மாநிலத்தின் ஏழ்மையான பாதிப் பள்ளிகளில் இருந்தார்கள், கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளில் இன்னும் நெருக்கமாக. அந்தப் பள்ளிகளின் மாணவர்களும் பெற்றோரும் சமூக அமைப்புகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். முதலில் தோற்றார்கள். 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் முந்தைய முடிவையே மாற்றிக்கொண்டு, சட்டத்தின் சொல்லுக்கு விதிமுறை முரணானது, செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு நீதிபதிகள் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு.

மூன்று மாதம்தான். 2010 டிசம்பரில், அரசு இயந்திரம் நின்றுவிடாமல் இருக்க நிறைவேற்றிய ஒரு தற்காலிக நிதி மசோதாவுக்குள், அந்த விதிமுறையையே சட்டமாக்கி அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பத்தியைச் சேர்த்தது. 2012-13 வரை செல்லும் என்றார்கள், 2013-இல் மறுபடி நீட்டினார்கள். ஏழைக் குடும்பங்கள் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கி வாங்கிய தீர்ப்பு, விவாதமே இல்லாமல் ஒரு பட்ஜெட் தாளில் கரைந்தது. ஆசிரியர் பற்றாக்குறை உண்மை, பயிற்சியாளர்களை ஒரே நாளில் வெளியேற்றினால் வகுப்பறைகள் காலியாகும் என்பதும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியாளரைப் பயிற்சியாளர் என்று பெற்றோரிடம் சொல்வதற்கு அந்த இரண்டு உண்மையும் எந்த விதத்திலும் தடையில்லையே.

அதற்காக இந்தச் சட்டமே வீண் என்று சொல்ல மாட்டேன். பட்டம்கூட இல்லாதவரை ஏழைப் பிள்ளைகளின் வகுப்பில் வருடக்கணக்கில் நிறுத்திவைக்கும் பழக்கம் இதனால்தான் பெருமளவு குறைந்தது. வகுப்பு உதவியாளர்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி வந்ததும் இதனால்தான், அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. டைட்டில் 1 பள்ளியில் பாடம் தொடர்பான வேலை செய்யும் உதவியாளர் பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வருட அசோசியேட் பட்டம் வைத்திருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஒரு தேர்வில் தேற வேண்டும். பல மாநிலங்கள் பாராப்ரோ என்ற தேர்வை ஏற்கின்றன. இரண்டரை மணி நேரம், 90 கேள்வி, வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் முப்பது முப்பது. பின்னத்தைக் கூட்டத் தெரியுமா என்பதோடு நிற்காமல், பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு எப்படி உதவுவீர்கள் என்றும் சில கேள்விகள் இருக்கும். தேர்ச்சி மதிப்பெண்ணை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்யும்.

அமெரிக்காவுக்குக் குடிவந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் பிள்ளைகளின் பள்ளியிலேயே வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் நம் பெண்கள் பலருக்கு இது நேரடியாகப் பயன்படும் தகவல். ஊரில் வாங்கிய பட்டம் இருந்தால் பெரும்பாலும் இந்தத் தேர்வே தேவைப்படாது, பட்டத்தை அமெரிக்கக் கணக்கில் மதிப்பிட்டுச் சான்று வாங்கினால் போதும். ஆனால் முழு ஆசிரியர் உரிமம் வேறு. மூன்று வருட பி.எஸ்சி.யை மட்டும் அமெரிக்காவின் நான்கு வருட இளங்கலைக்குச் சமமாக எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் ஏற்பதில்லை, மேலே பி.எட். அல்லது எம்.எஸ்சி. இருந்தால் நிலைமை மேல். எந்த மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று செல்லும் என்று அந்தந்த மாநிலக் கல்வித் துறையின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

திரும்ப விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் கேட்ட தகுதி எல்லாம் வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்னால் கையில் இருக்கிற காகிதம். உள்ளே போன பிறகு நன்றாகப் பாடம் நடத்துகிறாரா என்பது அதில் இல்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்து தாமஸ் கேன், ஜோனா ராக்காஃப், டக்ளஸ் ஸ்டைகர் என்ற பொருளியலாளர்கள் செய்த ஆய்வு அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. முழுச் சான்றிதழ் பெற்றவர், மாற்று வழியில் வந்தவர், சான்றிதழ் இல்லாதவர் ஆகிய குழுக்களுக்கு இடையே இருந்த சராசரி வித்தியாசம் சின்னது, ஒரே குழுவுக்குள் இருக்கும் நல்ல ஆசிரியருக்கும் திறமையில்லாத ஆசிரியருக்கும் இடையே இருந்த வித்தியாசம்தான் பெரியது என்று அவர்கள் கண்டார்கள். இதை வைத்து ஒபாமா அரசு அடுத்த கோடிக்கு ஓடியது. மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடு, அப்படிச் செய்கிற மாநிலத்துக்குப் பணமும், 2002 சட்டத்தின் நிபந்தனைகளிலிருந்து விதிவிலக்கும் உண்டு என்றார்கள். ஆசிரியர் சங்கங்களும் பல பெற்றோரும் கொதித்தெழுந்தார்கள், வாஷிங்டன் மாநிலம் இதற்கு உடன்படாமல் 2014-இல் விதிவிலக்கையே இழந்தது. இந்தச் சண்டை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே முக்கியம் அதன் விளைவு. ஆசிரியர் விஷயத்தில் வாஷிங்டன் தலையிட்டதே போதும் என்ற எண்ணம் இரண்டு கட்சிக்கும் வந்துவிட்டது.

அப்படி வந்ததுதான் 2015 டிசம்பர் 10 அன்று ஒபாமா கையெழுத்திட்ட எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ் சட்டம். குடியரசுக் கட்சியின் லமார் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சியின் பேட்டி மர்ரேயும் சேர்ந்து உருவாக்கி, செனட்டில் 85-க்கு 12 என்று நிறைவேறியது. உயர் தகுதி ஆசிரியர் என்ற வரையறையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது டைட்டில் 1 பள்ளியின் ஆசிரியர் தன் மாநிலம் கேட்கிற சான்றிதழ், உரிம விதிகளுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியரை எப்படி மதிப்பிட வேண்டும் என்று கல்விச் செயலர் மாநிலங்களுக்கு உத்தரவு போடவும் கூடாது.

இதன் பொருள் என்னவென்றால், மாநிலம் தன் விதியைத் தளர்த்தினால் கூட்டாட்சி நிபந்தனையும் கூடவே தளர்ந்துவிடும். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பட்டப்படிப்பை இன்னும் முடிக்காதவர்கள் படித்துக்கொண்டே வகுப்பறையில் பயிற்சி பெறலாம் என்று அரிசோனா 2022-இல் சட்டம் போட்டது. அதே வருடம் ஃபுளோரிடா, நான்கு வருடம் ராணுவத்தில் இருந்து, கல்லூரியில் பாதிப் படிப்பு முடித்தவர்களுக்குத் தற்காலிக ஆசிரியர் சான்றிதழ் தர ஆரம்பித்தது. ஓக்லஹோமாவில் 2010-களின் தொடக்கத்தில் மிகக் குறைவாக இருந்த அவசரச் சான்றிதழ்கள் இப்போது வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வழங்கப்படுகின்றன. டெக்சஸில் 2015 சட்டப்படி 'புதுமை மாவட்டம்' என்று தன்னை அறிவித்துக்கொள்ளும் பள்ளி மாவட்டம் சான்றிதழ் விதியிலிருந்தே விலக்குப் பெறலாம். அதன் பிறகு அங்கே புதிதாகச் சேர்கிற ஆசிரியர்களில் சுமார் மூன்றில் ஒருவர் சான்றிதழ் இல்லாமல் வரும் நிலை வந்தது. இது கைமீறிப் போனதை அந்த மாநிலமே உணர்ந்து, முக்கியப் பாடங்களில் சான்றிதழ் இல்லாதவர்களைப் படிப்படியாக நிறுத்த 2025-இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

மாநிலங்கள் இதையெல்லாம் பொழுதுபோகாமல் செய்யவில்லை. ஆசிரியர் சம்பளம் மற்ற பட்டதாரி வேலைகளைவிடக் குறைவு, கோவிட்டுக்குப் பிறகு வேலைப்பளு அதிகம், கல்வியியல் படிக்க வருகிறவர்கள் எண்ணிக்கை 2010-களில் பெருமளவு குறைந்துவிட்டது. ஆள் கிடைக்காதபோது இரண்டு வழி இருக்கிறது. சம்பளத்தைக் கூட்டலாம், அல்லது நுழைவாயிலைத் தாழ்த்தலாம். இரண்டாவதற்குப் பணம் செலவாகாது. வசதியான மாவட்டம் சம்பளத்தைக் கூட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அமெரிக்காவில் பள்ளி நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. தாழ்த்திய நுழைவாயில் வழியாக வருகிறவர்கள் யாருடைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்ற கேள்விக்கு 1996 கலிஃபோர்னியாவில் இருந்த அதே பதில்தான் இப்போதும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் இன்றும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு இளங்கலைப் பட்டமும் சிறப்புக் கல்வியில் முழு மாநிலச் சான்றிதழும் கேட்கிறது, அவசர அனுமதியை ஏற்பதில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறை மிகக் கடுமையாக இருப்பதும் அந்தத் துறையில்தான். சட்டம் உறுதியாக நிற்கிற ஒரே இடத்தில் ஆள் இல்லை.

அப்படியானால் 2015 சட்டத்தில் ஏழைப் பிள்ளைக்கு என்ன மிச்சம்? என் கணக்கில் மிக முக்கியமான வாசகம் ஒன்று மிச்சம் இருக்கிறது. டைட்டில் 1 பள்ளிகளில் படிக்கும் ஏழை, சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு, மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் திறனற்ற, அனுபவமில்லாத, வேறு பாடத்துக்குரிய ஆசிரியர்கள் போய்ச் சேராமல் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு இணையான வாசகம் 2002 சட்டத்திலும் இருந்தது, ஆனால் எல்லாரும் புள்ளிப் படிவத்தை நிரப்புவதில் மும்முரமாக இருந்ததால் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியர் எத்தனை பட்டம் வாங்கினார் என்பதைவிட, எந்த ஆசிரியர் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறார் என்பதுதான் ஜான்சன் காலத்திலிருந்தே உண்மையான பிரச்சினை. சட்டம் அதைச் சொல்கிறது, ஆனால் மீறினால் என்ன என்பதற்கு வலுவான தண்டனை எதுவும் வைக்கவில்லை. திறனற்றவர் என்றால் யார், அனுபவமில்லாதவர் என்றால் எத்தனை வருடம் என்பதையும் மாநிலமே வரையறுத்துக்கொள்ளலாம்.

2025-இல் நிலைமை இன்னும் மெலிந்திருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பகுதிகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்ய வாஷிங்டன் கொடுத்துவந்த மானியங்களை ட்ரம்ப் அரசு பிப்ரவரியில் நிறுத்தியது, மாநிலங்கள் வழக்குப் போட்டன, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசு நிறுத்தி வைக்க இடம் கொடுத்தது. கல்வித் துறையின் ஊழியர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரைக் குறைக்கும் திட்டத்துக்கும் ஜூலையில் இடைக்கால அனுமதி கிடைத்தது. சட்டம் அப்படியே இருக்கிறது, அதை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். ஆனால் மாநிலங்கள் அனுப்புகிற அறிக்கையைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க ஆள் வேண்டுமே.

அதனால் இப்போதைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கிற வேலை பெற்றோர் கையில் வந்து நிற்கிறது, அதற்கான வசதியைச் சட்டம் கொடுத்துத்தான் இருக்கிறது. டைட்டில் 1 பள்ளியில் பிள்ளை படித்தால், ஆசிரியருக்கு அந்த வகுப்புக்கும் பாடத்துக்கும் உரிமம் உண்டா, அவசர அனுமதியில் இருக்கிறாரா, உதவியாளர் பாடம் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் அவருடைய படிப்பு என்ன என்று எழுதிக் கேட்கலாம், மாவட்டம் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பதால் ஆசிரியர் மேல் புகார் சொன்னதாக ஆகாது. பெரும்பாலும் அந்த ஆசிரியரே உதவி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, ஒவ்வொரு மாநிலமும் வருடா வருடம் வெளியிட வேண்டிய பள்ளி அறிக்கை அட்டையில் அனுபவமில்லாதவர், அவசரச் சான்றிதழில் இருப்பவர், வேறு பாடத்துக்குரியவர் ஆகிய மூன்று எண்ணிக்கையும் வறுமை மிகுந்த பள்ளிகளுக்குத் தனியாக, வறுமை குறைந்த பள்ளிகளுக்குத் தனியாக இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, மாவட்டக் கல்வி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஒதுக்கிய சில நிமிடத்தில், இந்த இடைவெளி ஏன், அடுத்த வருடம் இதைக் குறைக்க யாரை எந்தப் பள்ளிக்கு என்ன கூடுதல் சம்பளம் கொடுத்து அனுப்பப் போகிறீர்கள் என்று பெயரைப் பதிவு செய்துகொண்டு கேட்கலாம்.